அயர்லாந்தில் ஹர்லிங் பார்க்கத் தனியாகப் போகிறவருக்கு

கேட்டது இது: மே கடைசியில் இரண்டு வாரம் விடுப்பு, இந்திய பாஸ்போர்ட், டூர் கம்பெனியோடு போக விருப்பமில்லை. மட்டையால் பந்தடிக்கும் ஹர்லிங் என்ற ஐரிஷ் ஆட்டத்தை வீடியோவில் பார்த்ததிலிருந்து நேரில் பார்க்க ஆசை. கூடவே அந்த ஊர் இசை, கிராமங்கள், மனிதர்கள் எல்லாம் வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது? ஆட்டத்தை நாமும் கொஞ்சம் ஆடிப் பார்க்க முடியுமா?

ஊர்களின் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு முதலில் ஆட்ட அட்டவணையை எடுங்கள். தனியாகப் போகிற பலரும் டப்ளினில் இரண்டு நாள், மோஹர் பாறைகள், கெர்ரி வளையச் சாலை, வடக்கே ஜயன்ட்ஸ் காஸ்வே என்று டூர் கம்பெனி போடும் அதே வட்டத்தைத் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். நடுவில் ஏதாவது ஒரு மாலையில் ஒரு ஆட்டம் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது நடப்பதில்லை. பெரிய ஹர்லிங் ஆட்டங்கள் சனி, ஞாயிறில்தான், ஏனென்றால் ஆடுகிற எல்லோருக்கும் திங்கள்கிழமை வேலை இருக்கிறது. நாற்பதாயிரம் பேர் முன்னால் ஆடியவர் மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருப்பார், அல்லது பண்ணையில் மாடு பார்த்துக்கொண்டிருப்பார். பயணச் செலவு கிடைக்கும், சம்பளம் யாருக்கும் கிடையாது.

இதை நடத்துவது கேலிக் தடகளச் சங்கம். ஜி.ஏ.ஏ. என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 1884 நவம்பர் 1 அன்று டிப்பரரி கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் போல) உள்ள தர்லஸ் ஊரில், ஹேய்ஸ் ஹோட்டலில் கூடிய ஒரு சின்னக் கூட்டத்தில் இது தொடங்கியது. மைக்கேல் கியூசாக் என்ற ஆசிரியரும் மொரிஸ் டேவின் என்ற தடகள வீரரும் முன்னின்றார்கள். கிரிக்கெட்டும் ரக்பியும் ஊரெல்லாம் பரவிக்கொண்டிருந்த ஆங்கிலேயர் காலம் அது. சொந்த ஆட்டங்கள் அழிந்துவிடக் கூடாது என்பது அவர்கள் கவலை. இன்று 2,000-க்கும் மேற்பட்ட கிளப்புகள் இருக்கின்றன. ஒரு தேவாலயத்தைச் சுற்றியுள்ள ஊர்கள் சேர்ந்த பாரிஷ்தான் பெரும்பாலும் ஒரு கிளப்பின் எல்லை. பிறந்து வளர்ந்த பாரிஷுக்கு ஆடுவார்கள்; நன்றாக ஆடினால் சொந்தக் கவுண்டி அணிக்குக் கூப்பிடுவார்கள். காசு கொடுத்து ஆளை வாங்கும் சந்தை இங்கே இல்லை. எனவே மைதானத்தில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஆட்டக்காரரின் அத்தையாகவோ, அவருக்குச் சின்ன வயதில் மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவராகவோ இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நீங்கள் புதியவர் என்று தெரிந்தால் அடுத்த ஒரு மணி நேரத்துக்கு விளக்கவுரை இலவசம்.

இப்போது அட்டவணை. ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை லீக். ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஜூன் வரை மாகாணச் சாம்பியன்ஷிப். ஜூலையில் டப்ளின் குரோக் பார்க் மைதானத்தில் அகில அயர்லாந்து அரையிறுதி, இறுதி. அதற்குப் பிறகு கவுண்டி அணிகள் ஓய்ந்து கிளப் சாம்பியன்ஷிப் ஆட்டங்கள் ஆரம்பிக்கும். அவை அக்டோபர் வரை கவுண்டிக்குள்ளேயும், பிறகு மாகாண அளவிலும் நடந்து ஜனவரியில் முடியும். முன்பெல்லாம் இறுதி ஆட்டம் செப்டம்பரில் நடக்கும். பழைய பயணக் கையேடுகளில் இன்னும் அப்படித்தான் இருக்கும், நம்ப வேண்டாம். 2022-லிருந்து ஜூலைக்கு மாறிவிட்டது.

நீங்கள் சொல்லும் மே கடைசி, என்னைக் கேட்டால், ஆண்டிலேயே நல்ல நேரம். தெற்கே மன்ஸ்டர் மாகாணத்தில் கார்க், லிமெரிக், க்ளேர், டிப்பரரி, வாட்டர்ஃபோர்ட் ஆகிய ஐந்து கவுண்டிகளும் ஒன்றோடொன்று ஒரு முறை மோதும். மூன்று அணி மேலே போகும், இரண்டு அணி வீட்டுக்குப் போகும். மே கடைசியில்தான் அந்தக் கணக்கு முடியும். ஒரு ஆட்டம் தோற்றால் ஆண்டே போச்சு என்கிற நிலையில் இரண்டு பக்கத்து ஊர்க்காரர்கள் ஆடுவதைப் பார்க்க இறுதி ஆட்டத்தை விடவும் இதையே விரும்பும் அயர்லாந்துக்காரர்கள் நிறைய. டிக்கெட்டும் கிடைக்கும். ஆட்டத்துக்கு ஒன்றிரண்டு வாரம் முன்னால் இணையத்தில் விற்பனைக்கு வரும். வாசலில் காசு வாங்கமாட்டார்கள், எல்லாம் போனில் க்யூஆர் கோடுதான். உட்காரும் ஸ்டாண்டை விட நின்று பார்க்கும் டெரஸ் மலிவு, கலகலப்பும் அதிகம். கூரை இருக்காது. குடை விரித்தால் பின்னால் நிற்பவர் ஏதாவது சொல்வார், எனவே தொப்பி வைத்த மழைக்கோட்டு.

ஜூலை இறுதி ஆட்டத்துக்குப் போயே ஆக வேண்டும் என்று சிலர் பயணத்தையே மாற்றி அமைக்கிறார்கள். அது வேண்டாம். அந்த டிக்கெட்டுகள் பொது விற்பனைக்கு வருவதில்லை. கவுண்டி, கிளப் வழியாக உறுப்பினர்களுக்குப் பங்கிடப்படும். உள்ளூர்க்காரர்களே ஒரு டிக்கெட்டுக்காக மாமா, சித்தப்பா எல்லோருக்கும் போன் போட்டுக்கொண்டிருப்பார்கள். நாம் கள்ளச் சந்தையில் ஏமாறுவதுதான் மிச்சம்.

சரி, ஆட்டம். ஒரு பக்கத்துக்கு 15 பேர். மைதானம் 130 முதல் 145 மீட்டர் நீளம்; கால்பந்து மைதானத்தை விடப் பெரியது. ஆஷ் மரத்தில் செதுக்கிய, நுனி தட்டையாக அகன்ற மட்டைக்கு ஹர்லி என்று பெயர். பந்துக்கு ஸ்லிதர். தோல் போர்த்தியது, 110 முதல் 120 கிராம் எடை. கிரிக்கெட் பந்து 156 கிராமுக்குக் குறையாது என்பதை வைத்துப் பார்த்தால் இது லேசுதான். ஆனால் நன்றாக அடித்த அடி மணிக்கு 150 கிலோமீட்டரைத் தொடும், அதைப் பிடிக்கிறவர் பெரும்பாலும் வெறுங்கையால் பிடிக்கிறார். அதுவும் தலைக்கு மேலே, மூன்று நான்கு மட்டைகள் ஒன்றாக வீசப்படும் இடத்தில் கையை விட்டு. தலைக்கவசம் கட்டாயமானதே 2010-ல்தான்.

கோல் கம்பம் ரக்பியில் இருப்பது போல ஹெச் வடிவம். குறுக்குக் கம்பிக்கு மேலே அடித்தால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் அடித்தால் கோல், அது மூன்று புள்ளிக்குச் சமம். கம்பத்துக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட அம்பயர்கள் நிற்பார்கள். புள்ளி என்றால் வெள்ளைக் கொடி, கோல் என்றால் பச்சைக் கொடி. பலகையில் கோலையும் புள்ளியையும் தனித்தனியாகத்தான் எழுதுவார்கள், கூட்டிச் சொல்ல மாட்டார்கள். 2024 இறுதி ஆட்டத்தைப் பாருங்கள்: க்ளேர் 3-29, கார்க் 1-34. கம்பிக்கு மேலே அடித்ததில் கார்க் ஐந்து அதிகம். ஆனால் கூட்டினால் க்ளேர் 38, கார்க் 37. கூடுதல் நேரம் வரை போய் ஒரே புள்ளியில் முடிந்த ஆட்டம் அது. டெரஸில் நிற்கும்போது இந்த மனக்கணக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் அரை மணியில் பழகிவிடும்.

பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு காலடிக்கு மேல் நடக்கக் கூடாது. எனவே ஓடுகிறவர் அதை மட்டையின் நுனியில் நிறுத்தி, விழாமல், எதிராளி தோளால் இடிக்க இடிக்க ஓடுவார். முதல் முறை பார்க்கும்போது பந்து எங்கே என்றே தெரியாது. பந்தைத் தேடாதீர்கள், ஆட்டக்காரர்களின் முகம் திரும்பும் திசையைப் பாருங்கள். ஓரக்கோட்டில் கிடக்கும் பந்தை, தரையோடு சேர்த்து மட்டையால் வெட்டி, அறுபது எழுபது மீட்டர் தூரத்திலிருந்து கம்பிக்கு மேலே அனுப்புவதை எப்போதாவது காண்பீர்கள். அப்போது எதிரணிக்காரரும் கைதட்டுவார்.

எதிரணிக்காரர் என்றதும் ஞாபகம் வந்தது: இரண்டு கவுண்டி ரசிகர்களையும் பிரித்து உட்கார வைப்பதில்லை. லிமெரிக் பச்சைக்கும் கார்க் சிவப்புக்கும் நடுவில் போலீஸ் வரிசை இருக்காது. வாய்ச்சண்டை உண்டு, அதிலும் நடுவருக்கு அர்ச்சனை தாராளமாக உண்டு. கைகலப்பு அபூர்வம். குழந்தைகளோடு, பெண்கள் தனியாக, தயங்காமல் போகலாம்.

எந்த ஊரை மையமாக வைப்பது? என் தேர்வு க்ளேர் கவுண்டியின் என்னிஸ். சின்ன ஊர், நடந்தே சுற்றிவிடலாம். மைக்கேல் கியூசாக் இந்தக் கவுண்டிக்காரர் என்பதால் அவர் பெயரிலேயே கியூசாக் பார்க் மைதானம், ஊர் நடுவில், சுமார் 20,000 பேர் கொள்ளும். ஷானன் விமான நிலையம் 25 கிலோமீட்டர் பக்கம். லிமெரிக்குக்கும் கால்வேக்கும் ரயில் இருக்கிறது. மோஹர் பாறைகளுக்கும் டூலின் கிராமத்துக்கும் 350-ஆம் எண் பேருந்து இங்கிருந்தே கிளம்புகிறது. இவை எல்லாவற்றையும் விட, பாரம்பரிய இசைக்கு அயர்லாந்திலேயே பேர்போன கவுண்டி இது. மே பிற்பகுதியில் ஃப்ளா நூவா என்ற இசை விழாவும் என்னிஸில்தான் நடக்கும். உங்கள் தேதியோடு ஒத்துப்போனால் அதிர்ஷ்டம், அறையை மட்டும் மாதக்கணக்கில் முன்னதாகவே பிடித்துவிடுங்கள். டப்ளினில் அறை வாடகை கண்ணைக் கட்டும். வந்த அன்று ஒரு இரவு, கிளம்பும் முன் ஓர் இரவு, அது போதும்.

என்னிஸிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தர்லஸ் போய் வர முடிந்தால் கட்டாயம் போங்கள். ஜி.ஏ.ஏ. பிறந்த ஊர். மக்கள்தொகை பத்தாயிரத்தைத் தொடாது, ஆனால் அங்குள்ள செம்பிள் மைதானம் 45,000 பேர் கொள்ளும். பெரிய ஆட்டம் நடக்கும் நாளில் லிபர்ட்டி சதுக்கத்தில் ஹேய்ஸ் ஹோட்டல் வாசல் தொடங்கி மைதானம் வரை ஊரே நடந்து போகும். ஓரத்தில் காரின் பின்கதவைத் திறந்து வைத்து, பிளாஸ்க்கில் தேநீரும் ஹாம் சாண்ட்விச்சும் பரப்பிவைத்துக் குடும்பம் குடும்பமாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ரயிலில் போனால் லிமெரிக்கில் ஏறி லிமெரிக் ஜங்ஷனில் மாற வேண்டும். அந்த ஜங்ஷன் லிமெரிக்கில் இல்லை, டிப்பரரி கவுண்டியில் வயல் நடுவில் இருக்கிறது. பெயரை நம்பி அங்கே இறங்கி லிமெரிக் நகரத்தைத் தேடுகிறவர்கள் இன்றும் உண்டு. ஞாயிறு ரயில்கள் குறைவு. ஆட்டம் கூடுதல் நேரம் போனாலும் பிடிக்கக்கூடிய கடைசி வண்டி எது என்று காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய மைதானம் ஒன்று பார்த்துவிட்டீர்கள் என்றால் அடுத்து ஒரு கிளப் ஆட்டம். இதைத்தான் டூர் பேக்கேஜில் யாரும் காட்டமாட்டார்கள். மே மாதத்தில் கிளப்புகளுக்கு லீக் ஆட்டங்கள், சிறுவர் ஆட்டங்கள் இருக்கும். கவுண்டி வாரியத்தின் தளத்திலும், க்ளேர் சாம்பியன் என்ற உள்ளூர் வாரப் பத்திரிகையிலும் அட்டவணை வரும். அதையெல்லாம் விட, தங்கியிருக்கும் வீட்டுக்காரரிடம் கேட்பது சுலபம். அந்த அட்சரேகையில் மே கடைசியில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும் என்பதால் வார நாள் சாயங்காலம் ஏழரைக்கும் ஆட்டம் வைப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் சிமெண்ட் படிக்கட்டு, மறுபக்கம் வேலி, வேலிக்கு அப்பால் மாடு. நூறு பேர் இருந்தால் கூட்டம். ஓரத்தில் ஒருவர் உடைந்த மட்டைக்குப் பதிலாகக் கொடுக்க ஒரு கட்டு ஹர்லியோடு நிற்பார். அந்த மட்டை முறியும் சத்தம் பெரிய மைதானத்தில் கேட்காது, இங்கே தெளிவாகக் கேட்கும். தகரப்பட்டை கட்டிச் செப்பனிட்ட மட்டைகளை இங்கேதான் கிட்டத்தில் பார்க்கலாம். இடைவேளை விசில் அடித்ததும் அதுவரை படிக்கட்டில் ஓடிக்கொண்டிருந்த பொடிசுகள் எல்லாம் ஆளுக்கொரு சின்ன மட்டையோடு மைதானத்துக்குள் பாய்ந்துவிடும். நான்கு வயதுக் குழந்தை பந்தைத் தரையிலிருந்து தூக்கி அடிப்பதைப் பார்த்தால், பெரியவர்கள் அந்த வேகத்தில் எப்படி ஆடுகிறார்கள் என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

மட்டையைப் பற்றி இன்னொன்று. ஆஷ் மரத்தின் அடிப்பாகத்தில், தண்டு வேராக வளையும் இடத்தில் அறுத்த பலகையில்தான் நல்ல ஹர்லி வரும். மரத்தின் நரம்பு அந்த வளைவோடு ஓடுவதால்தான் நுனி எளிதில் பிளக்காது. மரம் 25, 30 வயதாவது ஆகியிருக்க வேண்டும். 2012-ல் ஆஷ் மரங்களைக் கொல்லும் ஒரு பூஞ்சை நோய் அயர்லாந்துக்குள் வந்தது. இறக்குமதி செய்த கன்றுகளில் அது முதலில் கண்டறியப்பட்டது. இன்று தெற்கே எந்தச் சாலையில் போனாலும் உச்சிக்கிளை காய்ந்த ஆஷ் மரங்களைப் பார்ப்பீர்கள். மூங்கிலிலும் செயற்கைப் பொருளிலும் மட்டை வந்துவிட்டது. பழைய ஆட்கள் ஏற்றுக்கொள்ளாமல் முனகுகிறார்கள், இளைஞர்கள் எடுத்து ஆடுகிறார்கள். கிராமங்களில் மட்டை செய்கிறவர்களின் பட்டறைகள் உண்டு. முன்கூட்டி போன் செய்துவிட்டுப் போனால் பெரும்பாலும் உள்ளே விட்டுக் காட்டுவார்கள்.

எல்லாக் கவுண்டியிலும் ஹர்லிங் கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தெற்கும் தென்கிழக்கும், மேற்கே கால்வேயின் ஒரு பகுதியும், வட மூலையில் ஆன்ட்ரிம் பள்ளத்தாக்குகளும்தான் ஹர்லிங் பூமி. மற்ற இடமெல்லாம் கேலிக் கால்பந்து. உருண்டைப் பந்து, கையால் பிடிக்கலாம், குத்தலாம், காலால் தட்டிக் கைக்குக் கொண்டுவந்தபடி ஓடலாம். 36 அகில அயர்லாந்து ஹர்லிங் பட்டம் வென்ற கில்கென்னி, கால்பந்தின் முதன்மைச் சாம்பியன்ஷிப்பில் கலந்துகொள்வதே இல்லை. கால்பந்தில் முதலிடத்தில் இருக்கும் கெர்ரியில் ஹர்லிங்கைத் தேடினால் அந்தக் கவுண்டியின் வட மூலைக்குப் போக வேண்டும். கால்பந்தில் 2025-லிருந்து, 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து அடித்தால் இரண்டு புள்ளி என்று விதி வந்திருக்கிறது. ஆரஞ்சுக் கொடி காட்டுவார்கள். கொஞ்ச காலம் மந்தமாகிப்போன ஆட்டம் அதற்குப் பிறகு விறுவிறுப்பாகிவிட்டது என்பது என் கருத்து. பெண்கள் ஆடும் ஹர்லிங்குக்குக் கமோகி என்று பெயர். ஹர்லிங், கமோகி இரண்டையும் 2018-ல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது.

டப்ளினில் இருக்கும் அந்த ஒரு நாளில் குரோக் பார்க் போங்கள், ஆட்டம் இல்லாவிட்டாலும். 82,300 பேர் கொள்ளும் மைதானம். உள்ளே அருங்காட்சியகமும் சுற்றிக்காட்டும் ஏற்பாடும் இருக்கிறது. 1920 நவம்பர் 21 அன்று, அயர்லாந்து விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தபோது, டப்ளினுக்கும் டிப்பரரிக்கும் நடந்த கேலிக் கால்பந்து ஆட்டத்தின் நடுவில் பிரிட்டிஷ் படை புகுந்து சுட்டது. 14 பேர் செத்தார்கள், அதில் மூன்று பேர் சிறுவர்கள். டிப்பரரி ஆட்டக்காரர் மைக்கேல் ஹோகனும் ஒருவர். பெரிய ஸ்டாண்டுக்கு அவர் பெயர்தான். இது தெரிந்தால்தான் 2007-ல் இங்கிலாந்து ரக்பி அணி இதே மைதானத்துக்கு ஆட வந்தது ஏன் அவ்வளவு பெரிய விஷயமானது என்று புரியும். 1971 வரை, ரக்பி, நாம் ஆடும் கால்பந்து, கிரிக்கெட் ஆடினாலோ, ஏன், போய்ப் பார்த்தாலோகூட ஜி.ஏ.ஏ.விலிருந்து நீக்கிவிடுவார்கள். அன்று இங்கிலாந்தின் நாட்டுப்பண் முடியும்வரை அரங்கம் மரியாதையாக நின்றது. பிறகு 43-13 என்று அயர்லாந்து ஜெயித்தது. ஹில் 16 என்ற டெரஸ், ஆங்கிலேயருக்கு எதிரான 1916 டப்ளின் எழுச்சியின் இடிபாடுகளைக் கொட்டிக் கட்டியது என்று பலர் சொல்வார்கள். அழகான கதை, ஆனால் மேடு அதற்கு முன்பே இருந்தது, அப்போது அதற்கு ஹில் 60 என்று பெயர்.

இசைக்கு வருவோம். டப்ளின் டெம்பிள் பாரில் மைக் வைத்துப் பாடுவதைப் பார்த்து இதுதான் அயர்லாந்து இசை என்று முடிவு செய்துவிடாதீர்கள். அது சுற்றுலாப் பயணிகளுக்காக. என்னிஸிலோ, டூலினிலோ, மில்டவுன் மால்பேயிலோ ஒரு பப்புக்குள் இரவு ஒன்பதரை வாக்கில் போனால், ஒரு மூலையில் மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருப்பார்கள். ஃபிடில், புல்லாங்குழல், டின் விசில், க்ளேருக்கே உரிய கான்சர்ட்டினா, சில சமயம் முழங்கையால் காற்றை அமுக்கி வாசிக்கும் இல்லன் பைப். அதற்கு செஷன் என்று பெயர். மேடை இல்லை, நிகழ்ச்சி நிரல் இல்லை, டிக்கெட் இல்லை. ஒருவர் ஒரு மெட்டைத் தொடங்குவார், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள். இரண்டு மூன்று முறை சுற்றிவந்த பிறகு ஒரு தலையசைப்பு. எல்லோரும் மூச்சு விடாமல் அடுத்த மெட்டுக்குத் தாவிவிடுவார்கள். இப்படி மூன்று மெட்டு சேர்ந்தால் ஒரு செட்.

கேட்கப் போகிறவருக்குச் சில நடைமுறைகள். அந்த மேசையைச் சுற்றிக் காலியாக இருக்கும் நாற்காலிகள் காலி இல்லை, வரப்போகும் இசைக்காரர்களுக்கானவை. பக்கத்து மேசையில் உட்காருங்கள். தாளத்துக்குக் கைதட்ட வேண்டாம், செட் முடிந்ததும் தட்டலாம். சினிமாப் பாட்டோ, கேட்டுக் கேட்டுப் புளித்த அயர்லாந்துப் பாட்டோ வாசிக்கச் சொல்லாதீர்கள். யாராவது துணைக்கருவி இல்லாமல் தனியாகப் பாட ஆரம்பித்தால் பப் முழுக்க அமைதியாகிவிடும், அப்போது நீங்களும் பேச்சை நிறுத்துங்கள். இப்படிப் பாட்டு நடக்கும் இரவில், வெளியூர்க்காரர் என்று தெரிந்தால் உங்களையும் ஒரு பாட்டுப் பாடச் சொல்லுவார்கள். மரியாதைக்காகக் கேட்பதில்லை, நிஜமாகவே கேட்க விரும்புவார்கள். கூச்சப்படாமல் ஒரு தாலாட்டோ நாட்டுப்புறப் பாட்டோ தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சரணம் போதும். போனில் கரோக்கி போட்டுப் பாடுவது மட்டும் வேண்டாம்.

குடிக்காதவர்கள் பப்புக்குப் போகலாமா என்று பலரும் கேட்கிறார்கள். தாராளமாக. தேநீர், சோடா, ஆல்கஹால் இல்லாத கின்னஸ் எல்லாம் கிடைக்கும், யாரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லை. 2004-லிருந்து உள்ளே புகைபிடிக்கவும் தடை. ஒரே ஒரு சிக்கல், ரவுண்ட் முறை. கூட இருப்பவர் உங்களுக்கும் சேர்த்து வாங்கினால் அடுத்த முறை நீங்கள் எல்லோருக்கும் வாங்க வேண்டும். அதில் சேர விருப்பமில்லை என்றால் முதல் கோப்பைக்கு முன்பே சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். இரண்டு கோப்பை வாங்கிக் குடித்துவிட்டு நழுவினால்தான் பெயர் கெடும்.

ஐரிஷ் மொழி தினசரிப் பேச்சில் இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டுமா, டூலினிலிருந்து படகில் இனிஷ் ஈர் தீவுக்குப் போங்கள். அரான் தீவுகளில் சிறியது. காலையில் போய் மாலையில் திரும்பலாம், ஆனால் ஓர் இரவு தங்கினால் கடைசிப் படகு போன பிறகு உள்ள தீவு வேறு. கல்லை அடுக்கி மட்டுமே கட்டிய வேலிகள், சாந்து கிடையாது, நூற்றுக்கணக்கில். காற்று பலமாக அடித்தால் படகு ஓடாது, எனவே ஆட்டத்துக்கு முந்தைய நாளில் இதை வைக்காதீர்கள்.

வேறு ஆட்டங்களையும் கேட்டால், என் வாக்கு சாலைப் பந்துக்கு. கார்க், அர்மா ஆகிய இரண்டு கவுண்டிகளில்தான் இது முக்கியமாக உயிரோடு இருக்கிறது. 28 அவுன்ஸ், அதாவது சுமார் 800 கிராம் எடையுள்ள இரும்புக் குண்டைச் சாதாரணக் கிராமச் சாலையில் வீசி, சில கிலோமீட்டர் தூரத்தை யார் குறைந்த வீச்சில் கடக்கிறார் என்பது போட்டி. ஆட்டக்காரரின் கூட்டாளி முன்னால் போய்க் காலை அகட்டி நின்று எந்தத் தடத்தில் வீச வேண்டும் என்று காட்டுவார். கூட்டம் பின்னாலேயே நடந்துவரும், பந்தயப் பணம் கைமாறும், எதிரே வரும் கார் பொறுமையாகக் காத்திருக்கும். டிக்கெட்டாவது ஒன்றாவது. குண்டு வரும்போது கணுக்காலைக் காப்பாற்றிக்கொண்டால் சரி. ஆகஸ்டில் போகிறவர்களுக்கு இன்னொன்று: லவுத் கவுண்டியின் கூலி மலையில் போக் ஃபாடா என்ற போட்டி. ஹர்லியால் பந்தை அடித்து அடித்து 5 கிலோமீட்டர் மலைப்பாதையைக் குறைந்த அடியில் முடிக்க வேண்டும். 1960-ல் தொடங்கியது. பழங்கதை நாயகன் கூஹுலன் சிறுவனாக இருந்தபோது இப்படித்தான் பந்தை அடித்துக்கொண்டே அரண்மனைக்குப் போனானாம்.

விசா. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் ஒரே விசா என்கிற ஷெங்கன் ஏற்பாட்டில் அயர்லாந்து இல்லை. ஷெங்கன் விசாவை வைத்துக்கொண்டு உள்ளே போக முடியாது. தனி விசா, கட்டணம் ஒருமுறை நுழைய 60 யூரோ, பலமுறைக்கு 100 யூரோ. பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி நேரம் வரை இழுக்காதீர்கள். வங்கிக் கணக்கு விவரம், விடுப்புக் கடிதம் இவற்றோடு ஆட்டத்தை மையமாக வைத்த உங்கள் நாள்வாரித் திட்டத்தையும் ஒரு பக்கத்தில் எழுதி இணையுங்கள். இந்தியர்களுக்கும் சீனர்களுக்கும் பிரிட்டிஷ்-ஐரிஷ் கூட்டு விசா ஏற்பாடு இருக்கிறது. அந்த முத்திரை இருந்தால் ஐரிஷ் விசாவிலேயே, பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்துக்கும் போகலாம். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அந்த வசதி இல்லை. எல்லையில் சோதனைச் சாவடி எதுவும் கிடையாது, பேருந்து பாட்டுக்குப் போய்விடும். அதற்காக அனுமதி இல்லாமல் போய்விடாதீர்கள், அது வேறு நாட்டின் குடிவரவுச் சட்டம். இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை. துபாய், தோஹா, அபுதாபி வழியாக டப்ளின் போனால் லண்டனில் மாறும் தலைவலி இல்லை.

கார் எடுப்பவர்களுக்கு நம்மைப் போல இடப்பக்கம்தான் என்பது ஆறுதல். கிராமச் சாலைகள் ஒரு வண்டி அகலமே இருக்கும். எதிரே டிராக்டர் வந்தால் பின்னால் எடுக்கத் தெரிய வேண்டும். கார் இல்லாமலும் நான் சொன்ன திட்டம் முழுக்க நடக்கும், ஞாயிறு பேருந்து நேரத்தில் மட்டும் கண் வைத்தால்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு, எந்தச் சின்ன ஊரிலும் காய்கறி சூப்பும் பழுப்பு சோடா ரொட்டியும் வெண்ணெயும் கிடைக்கும், நன்றாகவும் இருக்கும். சூப் கோழிச் சாற்றில் கொதித்ததா என்று மட்டும் கேளுங்கள். மைதானத்துக்கு வெளியே கர்ரி சிப்ஸ் என்று ஒன்று விற்பார்கள், உருளைக்கிழங்கு வறுவல் மேல் மஞ்சளாக ஒரு குழம்பு. இனிக்கும். நம் ஊர்க் குழம்பை நினைத்துக்கொண்டு வாங்காதீர்கள். மழையில் நனைந்துகொண்டே தின்றால் ஒரு மாதிரி பிடித்துப்போகும்.

கடைசியாக, ஆடிப் பார்ப்பது. முடியும். டப்ளினிலும் கில்கென்னியிலும் பயணிகளுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் ஹர்லிங் சொல்லிக்கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், மட்டையும் தலைக்கவசமும் அவர்களே தருவார்கள். கிரிக்கெட் ஆடியவர்களுக்கு அடிப்பது சீக்கிரம் வந்துவிடும், ஓடும்போது குனிந்து பந்தை மட்டையால் கைக்கு எடுப்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். ஊருக்கு ஒரு மட்டை வாங்கிவர ஆசைப்பட்டால் விளையாட்டுப் பொருள் கடைகளில் 40 யூரோ வாக்கில் கிடைக்கும். நீளத்தை அங்குலத்தில் சொல்லிக் கேட்க வேண்டும். பெரியவர்களுக்கு 34 முதல் 36. விமானத்தில் கைப்பையோடு மட்டையை அனுமதிக்கமாட்டார்கள், சாதாரண செக்-இன் பெட்டியில் 36 அங்குலம் நுழையாது. சிறுவர்களுக்கான 26 அல்லது 28 அங்குலம் வாங்கினால் பெட்டிக்குள் குறுக்காக வைத்துவிடலாம். பந்து இரண்டாக வாங்குங்கள், ஒன்று எப்படியும் தொலைந்துவிடும்.